லிஃப்ட் பக்கத்தில் தொங்கும் பலூன்

நம் ஒர்க்‌ஷாப்பில் கார்களைத் தூக்கி நிறுத்தும் இரண்டாவது லிஃப்ட்டை ஒட்டிய தூணில், ஓர் ஆணியில், கறுப்பாக ஒரு ரப்பர் பை தொங்குகிறதே, அதை எடுத்துவிடும்படி இதுவரை மூன்று மேனேஜர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். பை அங்கேயே இருக்கிறது. போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது நான்காவது மேனேஜர், நல்ல பிள்ளைதான், ஞாபகார்த்தமாக அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்களேன் என்று நயமாகக் கேட்டார். எடுத்துப் போக மாட்டேன் என்றேன். வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிறவர்கள் கண்ணில் பட்டால் நம்மேல் நம்பிக்கை போய்விடாதா என்றார். படட்டும் என்றேன். கடைசியில், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார், 'பாசிட்டிவாக' எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. எழுதுகிறேன். பாசிட்டிவா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையில் வெள்ளைப் பெயிண்டில் 'மு. தணிகாசலம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அது நான் கண்டுபிடித்த ஏதோ சாமான் என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. கண்டுபிடிக்கவில்லை, தம்பிகளா. கிழித்தேன். புத்தம் புதுசாகப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே கிழித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். நான் அப்போது காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் தலைமை மெக்கானிக். முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் நான் 'மேஸ்திரி'. பெரிய லாரிகளிலும் கம்பெனி பஸ்களிலும் இரும்புப் பட்டைக்குப் பதிலாக ரப்பர் பலூனில் காற்றை அடைத்து அதன்மேல் வண்டியை உட்கார வைப்பார்களே, அந்த வேலையில் எனக்குப் பேர் இருந்தது. பலூன் என்றால் மேஸ்திரி என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எங்கள் ஷெட்டுக்கு நிறைய லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்தது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை. அதன் எம்.டி. ஒரு வெளிநாட்டுக் கார் வைத்திருந்தார். நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பலூன். அந்தக் கார் மாலையில் நிமிர்ந்து நிற்கும். காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கம் இடது சக்கரத்தின்மேல் படுத்துக் கிடக்கும். சென்னையில் காட்டியதற்கு, காற்று அடிக்கிற கம்ப்ரஸரே போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எம்.டி.க்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் முதலாளி போனில், எங்க மேஸ்திரி பார்க்காத பலூனா என்று பீற்றிக்கொள்ள, கார் எங்களிடம் வந்தது.

ஓட்டி வந்தவர் காதர் பாய். பழவேற்காட்டுக்காரர். பதினோரு வருடமாக அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டுகிறவர். வண்டி படுக்க ஆரம்பித்ததிலிருந்து எம்.டி.யின் முகம் சரியில்லை, நான் எங்கேயோ பள்ளத்தில் விட்டு அடித்துவிட்டதாக நினைக்கிறார் என்று இறங்கினதும் என்னிடம் சொன்னார். பயந்துதான் இருந்தார். நான் சோப்பு நுரையைத் தொட்டு இடது பலூனின் மடிப்பில் தடவினேன். பத்து நிமிடத்தில் குமிழி கிளம்பியது. ரப்பர் வயதாகி வெடித்திருந்தது, அவ்வளவுதான். பள்ளமும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. காதர் பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சென்னைக்காரன் கோட்டைவிட்டதை நான் பிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை அங்கேதான்.

புதுப் பலூன் கடல் கடந்து வர மூன்று வாரம் ஆனது. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை வெளிநாட்டு வியாபாரிகளை விமான நிலையத்திலிருந்து ஆலைக்கு அழைத்து வர எம்.டி.க்கு அந்தக் கார் தேவை. முதலாளி அரைமணிக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டியைப் பிரித்தபோது பலூனோடு ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. ஏதேதோ பாஷையில் எழுத்து, நடுவில் படங்கள். எனக்குக் கீழே விரிக்க ஒரு காகிதம் தேவைப்பட்டது. கழற்றுகிற நட்டுகள் உருண்டு ஓடாமல் இருப்பதற்கு. அதைத் தரையில் விரித்து நட்டுகளை அதன்மேல் வைத்தேன். நீங்கள் சிரிக்கலாம். அந்தக் காலத்தில் லாரி ஷெட்டில் எந்தப் பெட்டிக்குள் இருந்து வந்த காகிதமும் அதற்குத்தான் உதவியது. படித்துப் பார்த்து வேலை செய்கிறவனை வேலை தெரியாதவன் என்போம்.

காதர் பாய் குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார். ஒரு நட்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மேஸ்திரி, இதுல இன்னாமோ படம் போட்டுக்கீறான். டயரு தரையில உக்கார்ற மாரி போட்டு, அதும்மேல பெருக்கல் குறி போட்டுக்கீது. ஒரு தபா பாத்துடுங்க."

"பொம்மை பாத்தா பாய் நான் வேல கத்துக்கினேன்? நேரமாவுது, போய்த் தொழுதுட்டு வாங்க. வர்றதுக்குள்ள முடிச்சு வெக்கிறேன்."

அவர் நட்டை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த நட்டுக்கு அடியில் இருந்தது அந்தப் படம்.

லாரி பலூன் தடியானது. உள்ளே ரப்பர்க் கட்டை இருக்கும். காலியாக மாட்டி வண்டியை இறக்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். பிறகு காற்று ஏறினால் தானாக எழுந்துவிடும். அதுவரை அப்படித்தான் செய்தேன். கார் பலூன் அந்த ரகமில்லை. காலுறையை விளிம்பில் ஒரு மடி மடித்துவிட்ட மாதிரி மெல்லிசாக இருக்கும். அந்த மடிப்புக்குள் முதலில் காற்று நின்றாக வேண்டும். நிற்காமல் வண்டியின் பாரம் அதன்மேல் இறங்கினால் மடிப்பு இரும்புக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். இன்றைக்கு இதை நீங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிறீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி காலடியில் கிடந்தது, அதன்மேல் நட்டு வைத்திருந்தேன்.

மாட்டினேன். முடுக்கினேன். ஜாக்கியை இறக்கினேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு 'நறுக்'. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டபோது ஒரு 'புஸ்'. கார் இடது பக்கம் அப்படியே படுத்தது. ஷெட்டில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

முதலாளி வந்தார். பார்த்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம். ஷெட் கதவைச் சாத்திவிட்டு, வாயைத் திறக்காதே என்று எனக்குக் கையைக் காட்டினார். போனை எடுத்தார். நாங்கள் ஒழுங்காகத்தான் மாட்டினோம் சார், காற்று ஏறுவதற்குள் உங்கள் டிரைவர் அவசரப்பட்டு வண்டியை நகர்த்திவிட்டார், பலூன் கிழிந்துவிட்டது என்று எம்.டி.யிடம் சொன்னார். ஆலையின் லாரி வேலை முழுக்கக் கைவிட்டுப் போய்விடுமே என்கிற பயம் அவருக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் ஒரு டிரைவரின் தலையில் இறக்கினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காதர் பாய் மசூதியிலிருந்து திரும்பி வந்தபோது கையில் செல்போனை வைத்துக்கொண்டே வந்தார்.

"மேஸ்திரி, சாரு போன் பண்ணாரு. நாளைக்கு பத்து மணிக்கு சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு கணக்கு முடிச்சிக்க சொல்றாரு. இன்னா ஏதுன்னு சொல்லாம வெச்சிட்டாரு. இன்னா ஆச்சு?"

"பலூன் போச்சு பாய்."

அதுதான் நான் சொன்னது. கிழித்தேன் என்று சொல்லவில்லை. போச்சு என்றேன், அதுவாகக் காலெடுத்து நடந்து போன மாதிரி. அவர் குனிந்து படுத்துக் கிடந்த காரைப் பார்த்தார். தரையில் இருந்த காகிதத்தையும் பார்த்தார். காரிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், ரப்பரைக் கிழித்ததைச் சொல்ல மாட்டேன். அவர் அந்தக் கதவைத் தாண்டிப் போகிறவரை பேசாமல் நின்றேனே, அதைத்தான் சொல்வேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலமே பலூனைக் கழற்றி ஒரு அரிசிச் சாக்கில் போட்டேன். காகிதத்தையும் மடித்து எடுத்துக்கொண்டேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, போய்ச் சொன்னா உன் வேலை போகும் என்றாள் மனைவி. சொல்லாட்டி அவர் வேலை போகுது என்றேன். காலையில எத்தன மணிக்கு வண்டி என்று கேட்டாள்.

மறுநாள் காலை திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்தேன். மடியில் சாக்கு. கூட்டத்தில் ஒரு அம்மா, சாக்கில் இருப்பது மீனா என்று கேட்டார். இல்லம்மா, என் வேலை என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது.

ஆலை வாசலில் விடமாட்டேன் என்றார்கள். கார் விஷயம், எம்.டி.யிடம் நேரில்தான் சொல்லுவேன் என்று நானும் நகரவில்லை. பத்து மணிக்குக் காதர் பாய் வந்தார். என்னையும் சாக்கையும் பார்த்துவிட்டு, வாங்க என்று மட்டும் சொன்னார். அவரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டேன்.

எம்.டி. வாடகைக் காரில் வியாபாரிகளை அழைத்து வந்து, அவர்களை ஆலைக்குள் அனுப்பிவிட்டு, கோபத்தோடு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டுச் சாக்கைப் பிரித்து அவர் மேஜைமேல் பலூனை வைத்தேன். மேஜை பளபளவென்று இருந்தது. அழுக்காகட்டும் என்றுதான் வைத்தேன்.

"இத கிழிச்சது நான் சார். பாய் வண்டியில கையே வெக்கல. தொழுகைக்குப் போயிருந்தாரு."

"அப்போ உங்க முதலாளி என்கிட்ட பொய் சொன்னாரா?"

"அவரு இன்னா சொன்னாருன்னு அவரக் கேளுங்க சார். நான் இன்னா பண்ணன்னு நான் சொல்றேன்."

சொன்னேன். காற்றில்லாமல் வண்டியை ஓட்டியிருந்தால் ரப்பர் சுற்றிலும் அரைபட்டு நார் நாராகியிருக்கும். இதில் ஒரே ஓர் இடத்தில், மடிப்பில், பிறை மாதிரி ஒரு வெட்டு. நின்ற இடத்தில் நேராக இறக்கினால்தான் இப்படி வெட்டும் என்று விரலை விட்டுக் காட்டினேன். அடுத்ததாகக் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். பெருக்கல் குறி போட்ட படத்தைச் சுற்றிக் கிரீஸில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. அது என் நட்டு சார், இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னவர் பாய், நான்தான் கேட்கவில்லை என்றேன்.

எம்.டி. காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். இங்கே வந்து இதைச் சொன்னால் அங்கே உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"சரி. இன்னொண்ணு வரவழைச்சா யார் மாட்டறது?"

"நான்தான்."

"கிழிச்சவர்கிட்டயே திரும்பக் குடுக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார். எங்க சிக்கும், எப்படி வெட்டும்னு எனக்குத்தான் தெரியும். வேற ஆளுகிட்ட குடுத்தா அவன் மொதல்லேர்ந்து கத்துக்கணும், உங்க பலூன்ல."

திமிராகத்தான் சொன்னேன். பயம் வந்தால் சிலருக்குக் குரல் தாழும், எனக்கு ஏறும். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எம்.டி. என்னை விட்டுவிட்டுக் காதர் பாய் பக்கம் திரும்பினார்.

"என்ன பாய், இவர்கிட்ட வண்டியக் குடுக்கலாமா?"

முந்தின நாளிலிருந்து அப்போதுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். எனக்கு எம்.டி.யிடம் இல்லாத பயம் அவரிடம் வந்தது. அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பேன். சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

"குடுக்கலாம் சார். ஆனா அந்தப் பேப்பரு என் கையில இருக்கணும்."

சாவி மேஜைக்குப் போகவில்லை. அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த பலூன் வந்ததும் அதே ஷெட்டில், அதே இடத்தில், நானே மாட்ட வேண்டும் என்று எம்.டி. சொல்லிவிட்டார். லாரி வேலை போய்விடக் கூடாது என்று முதலாளியும் அதுவரை என்னை வைத்துக்கொண்டார். யார் பணம் கொடுத்தது என்றுதான் இந்தக் கதையில் எல்லோரும் கேட்கிறார்கள். அது எனக்கும் முதலாளிக்கும் உள்ள விஷயம்; உங்களுக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

காதர் பாய் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டார். ஷெட் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு படமாக அவர் காட்ட, நான் செய்தேன். முடிந்ததும் அந்தப் படத்தின்மேல் விரலால் தட்டுவார்.

"இந்த பொம்மைய பாத்துட்டீங்களா மேஸ்திரி? அப்ப அடுத்த பொம்மை."

நான் சொன்ன 'பொம்மை'யை வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டேன். லாரி டயருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸர் வேகமாகத் தள்ளிவிடும் என்று, ஸ்கூட்டருக்கு மிதிக்கிற கால் பம்ப்பை அளவு மீட்டரோடு பலூனில் இணைத்தேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மிதித்து ஏற்றினோம். அவர் டார்ச் அடித்து மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு உருண்டு, ஒழுங்காக நின்றது. விரற்கடை விரற்கடையாக இறக்கினேன். டயர் தரையைத் தொட்டபோது என் காது அந்த 'நறுக்'குக்காகக் காத்திருந்தது. வரவில்லை. மட்கார்டிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்து சாக்பீஸில் சுவரில் எழுதினோம். மறுநாள் காலை இரண்டு பேருமாக வந்து மறுபடி அளந்தோம். ஒரு நூலும் குறையவில்லை. காதர் பாய் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார், என்னைக் காசு கொடுக்க விடவில்லை. காகிதத்தை அவரே வைத்துக்கொண்டார்.

கார் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். என்னைப் பொய்யனாக்கிவிட்டாய் என்றும் சொன்னார். நான் ஆக்கவில்லை என்றேன். கிழிந்த பலூனை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாலு மாதம் வேலையில்லை. காக்களூரிலும் திருவள்ளூரிலும் எந்த ஷெட்டுக்குப் போனாலும் நான் போவதற்கு முன்னால் பேச்சு போயிருந்தது: முதலாளியைக் காட்டிக் கொடுத்தவன். வீட்டில் ரொம்ப பேஜாரான நாட்கள். அந்த நாலு மாதத்தில் ஒரு நாளாவது, போகாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தாயா என்று சிலர் கேட்பார்கள். நினைக்கவில்லை. ஒரு நாள் முன்னாலேயே வாயைத் திறந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். கடைசியில் இந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தேன். பழைய இடத்தை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டவரிடம் சாக்கைப் பிரித்துக் காட்டினேன். மறுநாளே சேரச் சொன்னார். சேர்ந்த அன்று நான் செய்த முதல் வேலை அந்த ஆணி அடித்தது. இரண்டாவது வேலை, பலூனில் என் பெயரை எழுதியது.

இன்றைக்கு உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. எதை முதலில் செய், எதைச் செய்யாதே என்று அது திரையில் காட்டுகிறது. அதிலும் படம்தான் போட்டிருக்கிறான். அவசரம் வரும்போது அதன்மேல் எதை வைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் தப்பு நடக்கும். நடக்காது என்று சொல்கிறவனை என் வண்டியின் பக்கத்தில் சேர்க்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் இல்லாத ஒருவன்மேல் அது போய் விழுகிறபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இத்தனை வருடத்தில் இங்கே ஒரு பலூன்கூடக் கிழிந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்பக்கத்து ஸ்கிராப் டிரம்மை நானும் கிளறிப் பார்த்திருக்கிறேன். மடிப்பில் பிறை வெட்டோடு மூன்று கிடந்தன, மூன்றும் புதுசு. கேட்டால், பெட்டியில் வரும்போதே அப்படி இருந்ததாக மாட்டியவர்கள் சொன்னார்கள்.

அதனால் கடைசி நாளன்று, போட்டோ எடுக்க மேனேஜர் என்னைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தத் தூணில் இன்னும் மூன்று ஆணி அடித்துவிட்டேன். பிடுங்கிப் பார்க்கலாம், வராது. வெள்ளைப் பெயிண்ட் டூல் ரேக்கின் கீழ்த்தட்டில் இருக்கிறது.